மாணவர் டிக்கெட்டுக்கு மைல் உண்டா இல்லையா: பணம் வாங்கும் முன் சொல்லுங்கள்

விமான நிறுவனங்களின் கட்டணப் பிரிவினருக்கும் மைலேஜ் திட்டப் பிரிவினருக்கும்:

இரு பிரிவினருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். தனித்தனியாக எழுதினால் கட்டணப் பிரிவு ‘மைல் கணக்கு எங்கள் கையில் இல்லை’ என்று சொல்லும். மைலேஜ் பிரிவு ‘அந்தக் கட்டணத்தை வகுத்தது நாங்கள் இல்லை’ என்று சொல்லும். இந்த இரண்டு பதிலும் மாணவர்களுக்கு மனப்பாடம்.

நடப்பது இதுதான். மாணவர் சலுகைக் கட்டணத்தில் ஒருவர் டிக்கெட் எடுக்கிறார். பறக்கப் பறக்கச் சேர்ந்து, பின்னால் இலவச டிக்கெட் எடுக்க உதவும் புள்ளிதான் மைல். அதைச் சேர்ப்பதற்கான மைலேஜ் உறுப்பினர் எண் கேட்டுத் திரையில் ஒரு கட்டம் இருக்கிறது. எண்ணைக் கொடுக்கிறார். டிக்கெட்டில் அந்த எண் அச்சாகி வருகிறது, போர்டிங் பாஸிலும் வருகிறது. பயணம் முடிந்து வாரங்கள் போகின்றன. கணக்கில் ஒரு மைல்கூட ஏறவில்லை. விடுபட்ட மைலைக் கேட்டு விண்ணப்பிக்கிறார். ‘நீங்கள் பயணம் செய்த கட்டண வகைக்கு மைல் பெறும் தகுதி இல்லை’ என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. எண்ணைக் கேட்டு வாங்கிய அதே கட்டத்துக்குக் கீழே எழுதியிருக்க வேண்டிய வரி அது.

மைல் தராததே குற்றம் என்று நாங்கள் வாதாட வரவில்லை. விலையைக் குறைத்துக் கொடுப்பவர் கூடவே வேறு ஒன்றையும் குறைப்பது வியாபாரத்தில் உள்ளதுதான். சொல்லிவிட்டுக் குறைத்தால் வாங்குபவர் கணக்குப் பார்த்து முடிவெடுப்பார். சொல்லாமல் குறைப்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. அதிலும், எண்ணை வாங்கி அச்சடித்துக் கொடுத்து நம்பிக்கையை வளர்த்துவிட்டுக் குறைப்பதை.

மாணவர்களின் டிக்கெட்டுகளையும், அவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களையும், உங்களிடமிருந்து திரும்பி வரும் பதில்களையும் வரிவரியாகப் பார்ப்பது எங்கள் வேலை. எங்கே தவறுகிறது என்பதை உங்கள் மொழியிலேயே சொல்கிறோம்.

முதலில், டிக்கெட்டின் விலைப் பிரிவைக் குறிக்கும் புக்கிங் எழுத்து. எகானமியில் இருக்கை ஒன்றுதான், சாப்பாடு ஒன்றுதான். விற்பனைக் கணக்கில் மட்டும் அது பத்துப் பன்னிரண்டு எழுத்துகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒய் என்றால் முழுக் கட்டணம். அதன் கீழே பி, எம், எச், கே, எல், வி, கியூ என்று இறங்கிக்கொண்டே போகும். இறங்கும் வரிசையும் ஆளுக்கு ஆள் மாறும்; ஒரு நிறுவனத்தில் நடுத்தரமாக இருக்கும் எழுத்து இன்னொன்றில் அடிமட்டம். தொலைவை வைத்து மைல் தரும் திட்டங்கள் இந்த எழுத்துக்குத்தான் விழுக்காடு போடுகின்றன. போய்வரும் தூரம் 8,000 மைல் என்று வைத்துக்கொள்வோம். 100 விழுக்காட்டு எழுத்துக்கு 8,000 மைல், 50 விழுக்காட்டுக்கு 4,000, 25 விழுக்காட்டுக்கு 2,000, பூஜ்ய எழுத்துக்கு ஒன்றுமில்லை. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போன இருவருக்கு இந்த வித்தியாசம். இதுவரைக்கும் எல்லாப் பயணிகளுக்கும் பொது. எழுத்தைத் தெரிந்துகொண்டால் சமாளித்துவிடலாம்.

மாணவருக்கு எழுத்து சரியாக இருந்தாலும் போதவில்லை என்பதுதான் சிக்கல். பொதுமக்கள் வாங்கும் கட்டணம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. மாணவர் கட்டணம் பெரும்பாலும் அப்படியல்ல. குறிப்பிட்ட ஏஜென்ட்டுகளுக்கோ இணையதளங்களுக்கோ ஒப்பந்தத்தின் பேரில் நீங்கள் தரும் தனிக்கட்டணம் அது. பயணி வகை என்ற இடத்தில் மாணவருக்கான எஸ்டியு என்ற குறியோடு விலை போடப்படும். புக்கிங் எழுத்து என்னவோ கே அல்லது எல்தான். அட்டவணையில் அந்த எழுத்துக்கு 50 விழுக்காடு என்றுதான் இருக்கிறது. ஆனால் உங்கள் விதிமுறைகளின் கடைசிப் பக்கங்களில், ‘பொதுவில் வெளியிடப்படாத கட்டணங்களுக்கு மைல் இல்லை’ என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது. அந்த வரியில் ‘மாணவர்’ என்ற சொல்லே வராது. விதிமுறைப் பக்கத்தில் ‘மாணவர்’ என்று தேடிப் பார்த்தவர் எதுவும் கிடைக்காமல், தனக்குத் தடையில்லை என்று நினைத்துக்கொள்கிறார். தான் வாங்கியது ‘வெளியிடப்படாத கட்டணம்’ என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வெளியிட்டிருந்தார்களே என்றுதான் அவர் நினைப்பார். நினைப்பதில் தவறும் இல்லை.

அடுத்தது தொகை. செலவழித்த பணத்துக்கு மைல் என்ற முறைக்கு அமெரிக்க விமான நிறுவனங்களான டெல்டாவும் யுனைடெட்டும் 2015இல் மாறின, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2016இல் மாறியது. டெல்டாவும் யுனைடெட்டும் இந்த முறையைத் தொடங்கியபோது சாதாரண உறுப்பினருக்கு ஒரு டாலருக்கு 5 மைல் என்று வைத்தன. அடிப்படைக் கட்டணமும் நிறுவனமே விதிக்கும் கூடுதல் கட்டணமும் கணக்கில் சேரும், அரசு வரிகள் சேரா. இந்த முறைக்கு டிக்கெட்டில் தொகை தெரிய வேண்டும். ஒப்பந்தக் கட்டண டிக்கெட்டுகள் பலவற்றில் தொகை தெரியாது. கட்டணக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘ஐடி’ அல்லது ‘பிடி’ என்ற இரண்டெழுத்து நிற்கும். சுற்றுலாத் தொகுப்பு, மொத்த விற்பனை ஆகியவற்றுக்கான குறிகள் அவை. ஏஜென்ட்டுக்கு நீங்கள் என்ன விலைக்குக் கொடுத்தீர்கள் என்பதைப் பயணி பார்க்காமல் இருப்பதற்காக வந்தவை. மைல் கணக்கிடும் கணினி அந்தக் கட்டத்தில் தொகையைத் தேடுகிறது, இரண்டு எழுத்துகளைக் காண்கிறது, பூஜ்யம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. உங்களுக்கும் ஏஜென்ட்டுக்கும் இடையிலான வியாபார ரகசியத்தின் செலவை மாணவர் கட்டுகிறார்.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. செலவு முறைக்கு மாறியபோது டெல்டாவும் யுனைடெட்டும் இப்படித் தொகை தெரியாத டிக்கெட்டுகளைத் தனி வகையாகப் பிரித்து, அவற்றுக்கு மட்டும் பறந்த தொலைவில் விழுக்காடாக மைல் தந்தன. ஐடி டிக்கெட்டுக்கு மைல் கணக்கிடுவது தொழில்நுட்ப ரீதியாகவே முடியாது என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

‘மலிவாக வாங்கினால் மைலும் கேட்பதா?’ என்ற கேள்வி அழைப்பு மையத்தில் இவ்வளவு பட்டவர்த்தனமாக வராது, தொனியில் வரும். மாணவர் கட்டணம் எப்போதும் மலிவு என்பதே தவறான எண்ணம். அது வேறு மாதிரிக் கட்டணம், அவ்வளவுதான். 12 மாதம் வரை செல்லுபடியாகும் திரும்புபயணம், ஒருமுறை தேதி மாற்றம், கூடுதலாக ஒரு பெட்டி அல்லது சில கிலோ, வயது வரம்பு: இவைதான் அதன் உள்ளடக்கம். படிப்பு எப்போது முடியும், தேர்வு எந்த வாரம் என்று தெரியாதவருக்கு 12 மாதச் செல்லுபடி அவசியம். ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டிய பொதுத் தள்ளுபடிக் கட்டணம் பல நேரங்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்தத் தள்ளுபடி டிக்கெட்டில் போனவருக்கு 25 விழுக்காடு மைல் ஏறுகிறது. அவரைவிட அதிகம் கொடுத்த மாணவருக்கு ஒன்றும் ஏறுவதில்லை. மலிவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முன்பே சொல்லியிருந்தால் மாணவர் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று காட்டுகிறோம். கடினமான கணக்கு இல்லை. ஒரு மைலின் மதிப்பை ஒரு அமெரிக்க சென்ட் என்று பலர் தோராயமாக எடுத்துக்கொள்கிறார்கள். 8,000 மைல் பயணத்தில் பொதுக் கட்டணம் 50 விழுக்காடு தருகிறது என்றால் 4,000 மைல், அதாவது சுமார் 40 டாலர். மாணவர் கட்டணம் அதைவிட 100 டாலர் குறைவு என்றால் மைலை மறந்துவிட்டு மாணவர் கட்டணத்தையே எடுக்கலாம். 25 டாலர்தான் குறைவு என்றால் பொதுக் கட்டணமே மேல். ஆனால் மாணவர் கட்டணத்தோடு 23 கிலோ பெட்டி ஒன்று கூடுதலாக வருகிறது, அவரிடம் அந்த அளவுக்குச் சாமான் இருக்கிறது என்றால், தனியாகக் கட்ட வேண்டிய பெட்டிக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது தராசு மறுபக்கம் சாயும். தேதி மாறக்கூடும் என்றால் மாற்றக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் மாணவர் கட்டணத்தையே எடுப்பார்கள் என்பது எங்கள் கணிப்பு. மைல் இல்லை என்று சொன்னால் விற்பனை போய்விடும் என்று பயப்படாதீர்கள்.

இன்றைக்கு இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாணவர் படும் பாட்டைப் பாருங்கள். பணம் கட்டும் பக்கம் வரை போய், அங்கே ‘கட்டண விதிகள்’ என்ற சிறிய இணைப்பைத் திறந்து எழுத்தைத் தேட வேண்டும். ஏஜென்ட் தளங்கள் பலவற்றில் ‘எகானமி’ என்று மட்டும்தான் இருக்கும்; எழுத்து டிக்கெட் வெட்டிய பிறகுதான் தெரியவரும். விமான எண் ஒரு நிறுவனத்துடையது, விமானத்தை ஓட்டுவது வேறொரு நிறுவனம் என்றால், எந்த எழுத்து கணக்கு என்ற அடுத்த கேள்வி. விற்றவரின் எழுத்து ஒன்று, ஓட்டுபவரின் பதிவில் அது வேறொன்றாக மாறியிருக்கும். சில திட்டங்கள் விற்ற எழுத்தைப் பார்க்கின்றன, சில ஓட்டுபவரின் எழுத்தைப் பார்க்கின்றன. பிறகு 13 இலக்க டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்து டிக்கெட் யாருடைய பெயரில் வெட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். செலவு முறைத் திட்டங்களில் சொந்த டிக்கெட்டுக்கு ஒரு கணக்கு, கூட்டாளி நிறுவனத்தின் டிக்கெட்டுக்கு இன்னொரு கணக்கு. எல்லாம் முடிந்த பின்னும் அந்த ‘வெளியிடப்படாத கட்டணம்’ என்ற வரி பாக்கி. முதல்முறை விமானம் ஏறப்போகிற 18 வயதுப் பிள்ளை இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

மனிதர்கள் உட்கார்ந்து மாணவர் டிக்கெட் விற்ற காலத்தில் இதைக் கேட்கவாவது ஓர் ஆள் இருந்தார். அந்தத் தொழிலில் பெரிய பெயரான எஸ்டிஏ டிராவல் 2020 ஆகஸ்டில் திவாலாகி மூடப்பட்டது. கடை இருந்த இடத்துக்குத் திரை வந்துவிட்டது. ‘மைல் ஏறுமா?’ என்று திரையிடம் கேட்க முடியாது. திரையே முன்வந்து சொன்னால்தான் உண்டு.

தகவல் உங்களிடம் இல்லை என்று சொல்ல முடியாது. விலையைக் கேட்டவுடன் உங்கள் முன்பதிவுக் கணினி புக்கிங் எழுத்தையும் ஃபேர் பேசிஸ் என்ற கட்டணக் குறியையும் பயணி வகையையும் சேர்த்தே அனுப்புகிறது. அவை இல்லாமல் விலையே போட முடியாது. கட்டணத்தோடு அதன் உள்ளடக்கத்தையும் விரிவாக விற்பனையாளருக்கு அனுப்பத்தான் 2012இல் விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டா, என்டிசி என்ற தரத்தைக் கொண்டுவந்தது. இருக்கைக்கு எத்தனை, பெட்டிக்கு எத்தனை, முன்வரிசைக்கு எத்தனை என்று அதே திரையில் கூடுதல் பணம் கேட்க முடிகிறது. ‘இந்த டிக்கெட்டுக்கு 0 மைல்’ என்ற நான்கு சொல்லுக்கு மட்டும் இடமில்லையா?

விமான நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கூட்டணிகளிலும் இதே மறைப்பு தொடர்கிறது. ஸ்டார் அலையன்ஸ் 1997இலும், ஒன்வேர்ல்ட் 1999இலும், ஸ்கைடீம் 2000இலும் தொடங்கின. ஒரு பயணத்தின் மைலைக் கூட்டணியில் உள்ள எந்தத் திட்டத்திலும் ஏற்றலாம், ஒன்றில் மட்டும்தான் ஏற்றலாம். ஒரே டிக்கெட், ஒரே எழுத்து: ஓட்டுபவரின் சொந்தத் திட்டம் பூஜ்யம் தரும், கூட்டாளியின் திட்டம் 25 அல்லது 50 தரும். விவரம் தெரிந்தவர்கள் விமானம் ஏறும் முன்பே கூட்டாளித் திட்டத்தின் எண்ணைப் போட்டுவிடுவார்கள். செக்-இன் கவுன்ட்டரில்கூட எண்ணை மாற்றலாம். ஒரு திட்டத்தில் ஏறிய பிறகு மாற்ற முடியாது. இது சட்டவிரோதமோ தந்திரமோ இல்லை, நீங்களே வகுத்த விதி. ஆனாலும் உங்கள் உதவிப் பக்கங்களில் மாணவருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

மைல் உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட்ட டிக்கெட்டிலும் அது வழியில் தொலைகிறது. தொலையும் இடங்கள் எப்போதும் அவைதான். ஏஜென்ட் தளத்தில் கொடுத்த உறுப்பினர் எண் பிஎன்ஆர் என்ற உங்கள் முன்பதிவுப் பதிவுக்கு வந்து சேர்வதில்லை. இது முதல் இடம். நீங்கள் நேரத்தை மாற்றி டிக்கெட்டை மறுபடி வெட்டும்போது எண் உதிர்ந்துவிடுகிறது. இது இரண்டாவது, ஏறக்குறைய யாரும் கவனிக்காதது. மாணவர் தனக்கு உரிமையுள்ள தேதி மாற்றத்தைப் பயன்படுத்தும்போது திரும்பும் பயணம் வேறு எழுத்துக்குப் போய்விடுகிறது. போகும்போது ஏறிய விழுக்காடு வரும்போது ஏறுவதில்லை. தேதியை மாற்றிக் கொடுக்கும் ஊழியர் கட்டண வித்தியாசத்தைச் சொல்கிறார், எழுத்து மாறியதைச் சொல்வதில்லை. பிறகு பெயர். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு உங்கள் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. அவர்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுகிறார்கள். ஏஜென்ட் வேறு மாதிரிப் போடுகிறார். இரண்டும் பொருந்தவில்லை என்று கணினி மைலைத் தள்ளிவிடுகிறது. ஓர் எழுத்துப் பிசகுக்கும் இதே கதி.

விடுபட்ட மைலைக் கேட்கப் போனால் 13 இலக்க டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் கேட்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் போர்டிங் பாஸை உங்கள் செயலியிலேயே கொடுத்து, விமானம் தரையிறங்கியதும் செயலியிலிருந்து அதை அகற்றியும் விடுகிறீர்கள். முன்கூட்டியே திரையைப் படமெடுத்து வைத்தவர் தப்பித்தார். கேட்பதற்கும் கெடு: சில திட்டங்களில் ஆறு மாதம், சிலவற்றில் ஒரு வருடம். ஊருக்குப் போய்வந்து அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் தேடும்போதுதான் மாணவர் பழைய கணக்கைத் திறந்து பார்க்கிறார். அதற்குள் கெடு முடிந்திருக்கும்.

காலாவதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர் ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவர். 25 விழுக்காட்டில் ஆண்டுக்கு 2,000 மைல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறிய நாளிலிருந்து 36 மாதத்தில் மைல் செத்துவிடும் திட்டம் என்றால், நான்காம் ஆண்டு மைல் ஏறும் நேரத்தில் முதலாண்டு மைல் போய்விடும். நாலு வருடம் படித்தாலும் எட்டு வருடம் படித்தாலும் இருப்பு 6,000ஐத் தாண்டாது. இலவச டிக்கெட் எடுக்கும் அளவு அவருக்குக் கானல்நீர்தான். காலாவதி இல்லாமல் திட்டம் நடத்த முடியாது என்பதும் உண்மையில்லை. டெல்டா 2011இலும் யுனைடெட் 2019இலும் காலாவதியை எடுத்துவிட்டன.

அடையாளச் சோதனை பற்றி ஒரு சொல். டிக்கெட் எடுக்கும்போது மாணவராக இருந்தவர் 12 மாதச் செல்லுபடியில் திரும்பும்போது படிப்பை முடித்திருப்பார். கல்லூரி அட்டை காலாவதியாகியிருக்கும். கவுன்ட்டரில் செல்லுபடியாகும் அட்டை இல்லையென்றால் கட்டண வித்தியாசத்தைக் கட்டச் சொல்லும் விதியை நீங்கள் வைத்திருக்கிறீர்கள். தகுதி எந்தத் தேதியில் பார்க்கப்படும், டிக்கெட் எடுக்கும் நாளா, புறப்படும் நாளா, திரும்பும் நாளா என்பதை டிக்கெட்டில் எழுதிக் கொடுத்தால் இந்தச் சண்டையே வராது. 1953 முதல் வழங்கப்பட்டுவரும் பன்னாட்டு மாணவர் அடையாள அட்டையை ஏற்பீர்களா, கல்லூரிக் கடிதம் போதுமா என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள்.

மாணவர் சலுகையும் மைலும் ஒரே உறையில் இருக்க முடியாது என்று யாராவது சொன்னால், கத்தார் ஏர்வேஸின் மாணவர் மன்றத்தையும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மாணவர் சலுகைத் திட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் முதலில் மைலேஜ் திட்டத்தில் உறுப்பினராகச் சேர்ந்த பிறகுதான் மாணவர் சலுகையே கிடைக்கும். மாணவரை இன்றைக்கே உறுப்பினராக்கினால் நாளைக்குச் சம்பாதிக்கும்போது நம்மிடமே வருவார் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. இதில் நாங்கள் தர்மம் எதையும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உறுப்பினர் திட்டங்களின் உள்கணக்கை வெளியார் கேள்வி கேட்பது இனி புதிதாக இருக்கப்போவதில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட் ஆகிய நான்கு நிறுவனங்களிடம், மைல் மதிப்பைக் குறைப்பது பற்றியும் மறைவான விலைகள் பற்றியும் விவரம் கேட்டது. மாணவர் டிக்கெட் விஷயத்தில் யாரும் கேட்கும் முன்பே நீங்கள் சரிசெய்துவிடலாம்.

எங்கள் கோரிக்கைகள்:

பணம் கட்டும் பக்கத்தில், மொத்தத் தொகைக்கு அடுத்த வரியில், புக்கிங் எழுத்தும் உங்கள் சொந்தத் திட்டத்தில் அதற்கு ஏறும் மைலும் எண்ணாகக் காட்டப்பட வேண்டும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். ‘தகுதிக்கு உட்பட்டது’ என்ற சொற்றொடரை அந்த வரியில் நாங்கள் ஏற்க மாட்டோம். உங்கள் கட்டணத்தை விற்கும் ஏஜென்ட் தளங்களும் இதைக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேருங்கள்.

மைல் ஏறாத டிக்கெட்டில் உறுப்பினர் எண் கேட்கும் கட்டத்தைக் காட்டாதீர்கள். பெட்டிச் சலுகைக்காக எண் தேவை என்றால், கட்டத்தின் அருகிலேயே ‘மைல் ஏறாது’ என்று எழுதுங்கள்.

மைல் அட்டவணையில் மாணவர் கட்டணத்துக்குத் தனி வரி வேண்டும். ‘வெளியிடப்படாத கட்டணம்’ என்று சொல்லிவிட்டு மாணவரையே ஊகிக்கச் சொல்லக் கூடாது.

பொதுவில் கிடைக்கும் மிகக் குறைந்த கட்டணத்தைவிட அதிகம் கொடுத்து மாணவர் கட்டணம் எடுத்தவருக்கு, அந்தக் குறைந்த கட்டணத்துக்குத் தரும் விழுக்காட்டையாவது தாருங்கள். கட்டணக் கட்டத்தில் ஐடி, பிடி குறியுள்ள டிக்கெட்டுகளுக்குத் தொலைவை வைத்துக் கணக்கிடுங்கள்.

நேர மாற்றத்துக்காக நீங்களே டிக்கெட்டை மறுபடி வெட்டினால் உறுப்பினர் எண்ணும் பழைய எழுத்துக்குரிய மைலும் அப்படியே தொடர வேண்டும். மாணவர் கேட்டுத் தேதி மாற்றினால், புதிய எழுத்தையும் அதன் மைலையும் கட்டண வித்தியாசத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படிக்கும் காலம் முழுவதும் மாணவர் உறுப்பினரின் மைல் காலாவதியாகக் கூடாது. படிப்பு முடிந்து 12 மாதம் வரை அதை நீட்டியுங்கள். விடுபட்ட மைலைக் கேட்கும் கெடு எல்லாத் திட்டத்திலும் குறைந்தது 12 மாதமாக இருக்கட்டும். அதுவரை போர்டிங் பாஸைச் செயலியில் வைத்திருங்கள். ஒற்றைப் பெயர் உள்ளவருக்குக் குடும்பப் பெயர்க் கட்டத்தை விருப்பத்துக்கு விடுங்கள்.

கடைசியாக ஒன்று. உறுப்பினர் எண்ணை ஏற்று டிக்கெட்டிலும் போர்டிங் பாஸிலும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு ‘தகுதி இல்லை’ என்று மறுத்த மாணவர் விண்ணப்பங்களைக் கடந்த 12 மாதத்துக்கு எடுத்துப் பாருங்கள். வாங்கும்போது அந்தத் தகவல் திரையில் காட்டப்படவில்லை என்றால், அந்தப் புக்கிங் எழுத்துக்கு உங்கள் அட்டவணையில் உள்ள விழுக்காட்டை அவர்கள் கணக்கில் ஏற்றுங்கள். மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லாமல், நீங்களாகவே.